மச்சினன் படுக்க வைத்த போத்தல்கள்

17 ஜனவரி 2023, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்து ஈரமாகவே தொழிற்சாலைக்கு வருகிறது. வாட்டி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது.

ஜெயரூபன் நேற்று லீவில் வந்தான். என் மனைவி சக்திக்கு ஒரே தம்பி. அம்மா செத்தபின் இவள்தான் தூக்கி வளர்த்தாள். உல்லாசக் கப்பலில் வைன் பரிமாறுகிற வேலை. பையைத் திறந்தால், சட்டைகளுக்குள் சுற்றி நான்கு போத்தல்.

போர்ட் வைனாம். வடிகட்டாமலே அடைப்பார்களாம். சாய்த்துப் போட்டு வைத்தால் வண்டல் உள்ளே ஏடாகப் படிந்து ஒட்டிக்கொள்ளுமாம். "பெரிய பேரு வாங்குன போர்ட்டெல்லாம் நமக்குக் கட்டாது மச்சான். இது வெல கொறைவு. ஆனா பொறுமையா வச்சிருந்தா அதுக்குக் கிட்ட வந்துரும்."

மலையை ஒட்டிய எங்கள் பின்னறையில் வெயிலே படாது. அங்கே வைக்கலாமா என்று கேட்கிறான். குடியை விட்டு மூன்று வருஷமான என்னிடம்.

"ஒனக்குப் புத்தி இருக்கா? யாரு வீட்டுல எதக் கொண்டாந்து வைக்கிற?" என்றாள் சக்தி.

"குடிக்கிற வீட்டுல வச்சா ஒரு வாரம் தாங்காதுக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

18 ஜனவரி

இப்போது எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒன்றைத் திறந்தான். நான் வாசற்படியிலேயே நின்றேன். ஒரு வாய் எடுத்து, உருட்டி, டம்ளரில் துப்பினான். தொழிற்சாலையில் நான் தேயிலைச் சாயம் ருசி பார்ப்பது போலவேதான்.

"துப்பிட்டா என்ன மச்சான்? நீங்க தெனமும் செய்றதுதானே."

"சாயத்தத் துப்பிருவேன். இதத் துப்ப முடியாது."

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. "இன்னும் முரடாத்தான் இருக்கு. 2028 வரைக்கும் யாரும் தொடாதீங்க," என்றான். அதற்குள் கப்பலை விட்டு வந்து ஹப்புத்தளையில் வெள்ளைக்காரர்களுக்கு ரெண்டு அறை கட்டி வாடகைக்கு விடுவானாம். மொத போத்தல அக்காதான் தொறக்கணுமாம்.

திறந்ததை அவனுடைய கூட்டாளி தினேசுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டான். மற்ற மூன்றையும் படுக்க வைத்து, மேல்பக்கம் எதுவென்று தெரிய சுண்ணாம்பால் பொட்டு வைத்தான். திறப்பதற்கு முதல்நாளே நிமிர்த்திவிட வேண்டும். கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து, நிறுத்தாமல் மெதுவாக ஊற்ற வேண்டும். வண்டல் கழுத்துக்கு வந்தால் நிறுத்திவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

2 மார்ச்

கப்பலேறிவிட்டான். சக்தி பின்னறைக்குப் பூட்டுப் போட்டாள். சாவி எங்கே என்று நான் கேட்கவில்லை.

9 நவம்பர்

ஜெயரூபன் போன் எடுத்தான். "எம் புள்ளைங்க நல்லாத் தூங்குதுங்களா?" என்று போத்தல்களை விசாரித்தான். சக்தி பேசும்போது மட்டும், நெஞ்சு கரிக்கிறது, சாப்பாடு சரியில்லை என்றானாம்.

6 ஏப்ரல் 2024

ஜெயரூபன் போயிட்டான். கப்பல்லயே. நெஞ்சுவலியாம். போன்ல யாரோ இங்கிலீசுல சொன்னாங்க, நான்தான் கேட்டேன். அவகிட்ட எப்படிச் சொன்னேன்னு இப்ப ஞாபகமே இல்ல.

2 மே

இன்றுதான் பெட்டி வந்தது. முகத்தைக் கொஞ்ச நேரம்தான் காட்டினார்கள். மேல்மலையில், அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம்.

வீடு நிறையச் சனம். சாமான் வைக்கப் பின்னறையைத் திறந்துவிட்டோம். தினேஸ் ஏற்கெனவே சாராயம் போட்டிருந்தான். "அந்த வெளிநாட்டுச் சாமான எடுங்கண்ணே. அவன் பேருல ஆளுக்கொரு வாய்," என்றான். முடியாது என்றேன். "நீங்க மட்டும் வச்சிக் குடிக்கவா?" என்று கேட்டான்.

நாலு பேர் முன்னால.

11 மே

எல்லோரும் போய்விட்டார்கள். மத்தியானம் பின்னறையைக் கூட்டப் போனேன். அப்படித்தான் நினைத்துப் போனேன் - உண்மையா? தெரியல.

ஒரு போத்தலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ. தகரத்தில் மழை. ஒரு கத்தி இருந்தா தக்கையைக் குடைஞ்சிரலாம். அவ்வளவுதான். அவன் சாவுக்கு ஒரு வாய் குடிச்சா யாரு என்ன சொல்லப் போறாங்க? அந்த நினைப்பு எவ்வளவு நல்லா இருந்துச்சு.

சக்தி வந்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒடைச்சிரவா எல்லாத்தையும்?"

"வேணாம். அவன் வச்சது."

"அப்ப நீங்க?"

"பூட்டப் போடு. சாவிய என் கண்ணுல காட்டாத."

போத்தலை என் கையிலிருந்து வாங்கி, பொட்டு மேலே வரும்படி படுக்க வைத்தாள். அவளுக்கு அது தெரியுமென்று நான் நினைக்கவேயில்லை.

26 மார்ச் 2025

திதிப்படி நாளை வருஷத் திவசம். சக்தி காலையிலேயே ஒரு போத்தலை எடுத்து சாமி படத்துக்குக் கீழே நிமிர்த்தி வைத்திருந்தாள். "படையலுக்கு அவனுக்குப் பிடிச்சது வைக்கணும். ஊத்தத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். முடியுமா? முடியாட்டிச் சொல்லிருங்க."

முடியும் என்றேன். பகலெல்லாம் தொழிற்சாலையில் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

27 மார்ச்

தக்கையை அவள்தான் எடுத்தாள். பாதியில் முறிந்தது. மிச்சத்தைக் கரண்டிக்காம்பால் நெம்பினாள்.

போன் வெளிச்சத்தைக் கழுத்துக்குப் பின்னால் அவள் பிடிக்க, நான் கண்ணாடிக் கூசாவில் ஊற்றினேன். மூச்சைப் பிடித்திருந்தும் வாசம் வந்துவிட்டது - காய்ந்த திராட்சை, கிராம்பு, பக்குவமாக வாடிய கொழுந்தில் வருகிற இனிப்பு. சாயம் பார்த்துப் பழகிய மூக்கு, சொன்னால் கேட்குமா? கறுப்பாக வண்டல் வந்தது. நிறுத்தினேன்.

கோழிக்குழம்புக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் வைத்துக் கும்பிட்டோம். பிறகு அவள் அந்தக் கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தாள். வாழ்க்கையில் முதல்முறை. முகத்தைச் சுளித்தாள்.

"இனிக்குது. பொறவு தொண்டையில சுடுது. பொறவும் இனிக்குது." கொஞ்சம் பொறுத்து, "இதுக்கா இவ்வளவு காலம் காத்திருக்கச் சொன்னான்?"

"அவன் சொன்ன காலத்துக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு சக்தி."

அப்போதுதான் அழுதாள். பெட்டி வந்த அன்றுகூட இப்படி அழவில்லை.

கூசாவில் இருந்ததை மேல்மலைக்குக் கொண்டுபோய் மண்ணில் ஊற்றினோம். இன்னும் ரெண்டு போத்தல் இருக்கிறது. தினேசுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். கெடக்கட்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது கிளாஸில் ஒரு வாய் மிச்சமிருந்தது. எடுத்துக் கழுவலாம் என்று கையை நீட்டிவிட்டு, நின்றேன்.

"இத நீ கழுவிரு," என்றேன்.

அவள் கிளாஸை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை நான் வெளியில் நின்றேன்.