நான் கட்டாத டப்பா

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். கடிதம் என்றால் முதல் வரி இங்கு நலம், இரண்டாவது வரி அங்கு எப்படி. முதல் வரியை எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் நேராக இரண்டாவதற்கு வந்துவிட்டேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒரே அறையில் எட்டுப் பேர் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதில் குறட்டை விடுகிறவர்கள் எத்தனை பேர், உன்னைச் சேர்த்தா சேர்க்காமலா என்று தெளிவாக எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். வாலுவிடம் கொடு என்று இந்த எட்டு மாதத்தில் நீ ஒரு முறையும் கேட்கவில்லை. கொடும்மா என்று நானும் கை நீட்டவில்லை.

வீட்டுச் செய்தி. அப்பாவுக்குக் காயம் ஆறிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே, கால் இல்லாத இடத்தில் அரிக்கிறது என்கிறார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது என் வாய்க்கு ஒரு ஜோக் வந்தது, விழுங்கிவிட்டேன். இப்போதெல்லாம் நிறைய விழுங்குகிறேன். அவர் அவசரமாகக் கிளம்பும்போது ஒற்றைச் செருப்பை ஒளித்து வைப்பேனே, நினைவிருக்கிறதா? இப்போது இடது செருப்பு வாசலில் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. யாரும் தேடுவதில்லை, யாரும் என்னைத் திட்டுவதுமில்லை.

போன வாரம் அம்மா கைதவறிச் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை அண்ணா, ஆசையாகப் பார்த்தாள். நான் இல்லைம்மா என்றதும் அவள் முகம் தொங்கிவிட்டது.

இனி சொல்ல வேண்டியதுக்கு வருகிறேன்.

நம் பெரியவரை வருகிற வியாழக்கிழமை பழைய இரும்புக்காரர் எடுத்துப்போவதாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே நசுங்கிக் கிடக்கிற பிக்கப் வண்டியை இப்போதும் மரியாதையாகத்தான் கூப்பிடுகிறோம். போவதற்குள் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று நேற்றுக் காலை அப்பா சொன்னார். இத்தனை நாள் அந்தப் பக்கத்து ஜன்னலையே திறக்க விடாதவர். நான்தான் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

தள்ளும்போது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கண்ணில் ஓடியது. கட்டட வேலை நடக்கிற இடங்களில் ஒல்லி டயர் சேற்றில் புதைகிறது, அப்பா தனியாக மூட்டைகளை இறக்கி ஏற்ற வேண்டியிருக்கிறது என்றுதான் எங்கோ உடைத்த வண்டியிலிருந்து அந்த அகலச் சக்கரங்களை வாங்கி வந்தாய். அகலக்கால் வைக்காதேடா என்றார் அப்பா. கால் இல்லப்பா, சக்கரம் என்று நான் குறுக்கே விழுந்தேன். அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் அவர் சொன்னது போயே போய்விட்டது.

டயர்கடை மாமா ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னார். சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள், பாரம் ஏறினால் உடம்பு கீழே இறங்கும், மட்கார்டு விளிம்பு டயரைத் தொடும், முழுப் பாரம் போட்டு நடுவில் விரல் போகிறதா பாருங்கள், போகாவிட்டால் உள் விளிம்பைத் தட்டி மடக்குங்கள் என்று. நம்மிடம் பாரம் எங்கே இருந்தது? என்னைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்து, நாற்பத்திரண்டு கிலோ மூட்டை ரெடி என்றாய். நான் நாலு குதி குதித்தேன். இரண்டு விரல் போனது. பெரியவருக்குப் புது ஷூ என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை கிடங்கில் சிமெண்ட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தாய். உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, வாசலில் அப்பாவிடம் வண்டியைக் கொடுக்க வேண்டும். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து கரக் என்று ஒரு சத்தம். கேட் பக்கத்தில் நின்று நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கேட்டாய்.

"உன் வேலையா?"

அதற்கு ஒரு மாதம் முன்னால் வண்டிக்கு அடியில் பால் பவுடர் டப்பாவைக் கட்டிவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நாள் முழுக்க உன்னைத் தேட விட்டவள் நான். நீ கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் எதையும் கட்டவில்லை. வாய் நிறைய நுரை. ஆமாம் என்று தலையாட்டினேன். செய்யாத சேட்டைக்கும் பேர் கிடைக்கிறதே என்ற அற்ப சந்தோஷம், வேறொன்றுமில்லை. அவிழ்த்துப் போடு, அப்பா கிளம்புகிறார் என்று சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுக்கப் போனாய்.

இதுவரை உனக்கும் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது. நான் பின்னால் போய்க் குனிந்தேன், அவிழ்க்கிற மாதிரி நடிக்க. டயரின் பக்கவாட்டில் புதிதாக ஒரு கோடு இருந்தது, கத்தியால் இழுத்த மாதிரி. பார்த்தேன் அண்ணா. பார்த்துவிட்டு நிமிர்ந்து, எல்லாம் முடிந்தது என்று உனக்குக் கட்டைவிரலைக் காட்டினேன்.

அப்பாவுக்குக் காது மந்தம், வேகத்தடை தாண்டும்போது சத்தம் கேட்டிருக்காது. பாலத்து இறக்கத்தில் அந்த டயர்தான் வெடித்தது.

ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும், வேண்டாம் என்றதைச் செய்தவன் இனி என் கண்ணில் படக் கூடாது என்று அப்பா சொன்னார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அவளைக் கேளுங்கள் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமலே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய்.

நேற்று அப்பா நாற்காலியிலிருந்து சாய்ந்து, அந்த மட்கார்டு விளிம்பை விரலால் தடவினார். தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரலை எடுக்காமலே சொன்னார்.

"இவ்வளவு உரசியிருக்கு. அவனுக்குச் சத்தம் கேட்டிருக்கும்ல? கேட்டும் என் கையில சாவியைக் குடுத்திருக்கான்."

இத்தனை நாள் உன்னை முட்டாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தார். நேற்று அந்த ஒரு நிமிடத்தில் நீ அதைவிட மோசமானவனாக ஆகிவிட்டாய். அதற்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை. அவனுக்குக் கேட்டதுப்பா, என்னைக் கேட்டான், நான் என் வேலைதான்னு சொன்னேன் என்று ஆரம்பித்து, டயரில் பார்த்த கோடு வரைக்கும் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. நாற்காலியைத் திருப்பச் சொன்னார். மத்தியானம் சாப்பிடவில்லை. அம்மா என்ன என்று கேட்டதற்கு என்னைக் கை காட்டினார், அவளிடமும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனவள், வெகு நேரம் வெளியே வரவில்லை. சாயங்காலம் அப்பா என் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி, நடுத்தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

"எழுது. போன்ல பேசினா சிரிச்சே தப்பிச்சிருவே."

அந்தத் தாளில்தான் எழுதுகிறேன். கட்டம் போட்ட தாள், மன்னித்துக்கொள்.

உன்னை வரச் சொல் என்று அப்பா சொல்லவில்லை. அதைப் பொய்யாகச் சேர்த்து எழுத மாட்டேன். இன்று காலை இரும்புக்காரர் போன் பண்ணினார். இப்போது அவசரமில்லை, வண்டி இன்னும் ஒரு மாதம் நிற்கட்டும் என்று அப்பா சொன்னார். ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனையாதே. என்னோடு பேச வேண்டும் என்றில்லை. ஒரே ஒரு தடவை வந்து, கேட் பக்கத்தில் நின்று, அன்றைக்குக் கேட்டதையே மறுபடி கேள். இந்தத் தடவை வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை