பெர்னபே சொன்ன நாலு 'ஹெ'

மோமோஸ்தெனாங்கோ,
புதன்கிழமை சாயங்காலம்

என் ஒதிலியாவுக்கு அம்மா எழுதறது. காய்ச்சல் விட்டுச்சா, ஹூஸ்டன்ல வேளைக்குச் சாப்பிடறியா, அது தெரிஞ்சாதான் எனக்கு நிம்மதி. இங்கே அப்பா, தம்பி, நான் மூணு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லை, மனசைப் பத்தி மட்டும் இப்போ கேக்காதே. போன்ல பேசி அனுப்பினா நீ ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிவிட்டுக் கேக்கறேன்னு தம்பி போட்டுக்கொடுத்துட்டான், அதான் பேனாவை எடுத்தேன், இதை ஓட்ட முடியாதில்ல. சோம்பு போட்ட ரொட்டியும் சாக்லெட் வில்லையும் வெச்சு பார்சல்காரர்கிட்ட கொடுத்து விடறேன். கறுப்புப் பன்னியை அப்பா வித்துட்டார், அந்தக் கூத்துக்கு அப்புறம் வரேன். ஆஸ்பத்திரிக்குப் போன்லயே மொழிபெயர்க்கற வேலை உனக்கு நிரந்தரமாயிடுச்சுன்னதும் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தேன். நம்ம கீச்சே பேச்சு மட்டுமே தெரிஞ்ச சனத்துக்கு அங்கே நீ ஒருத்தி இருக்கியே. ஆனா 'எப்படிம்மா நீ யோசிக்காமலே டக்கு டக்குனு சொல்றே, நானும் உன்னை மாதிரி கைதேர்ந்தவளா ஆகணும்'னு கேட்டிருந்தே பாரு, அதை என்னால ஏத்துக்க முடியலை. ஏன்னு சொல்றேன்.

திங்கட்கிழமை கோர்ட்டுல ஒரு கேஸ், நான்தான் மொழிபெயர்ப்பு. பெர்னபே பெலிக்கோன்னு ஆடு மேய்க்கறவர், முப்பது வயசிருக்கும், ஸ்பானிஷ் சுத்தமா வராது. ஊர்ப் பொதுக்காட்டுக்குத் தீ வெச்சார்னு பிடிச்சு வெச்சிருக்காங்க, ருசுவானா ஆறேழு வருஷம் உள்ளே. அரசு வக்கீல் குற்றச்சாட்டைத் துண்டு துண்டா வாசிக்க வாசிக்க நான் நம்ம பேச்சுல சொன்னேன். அன்னிக்குக் காலையில நீ காட்டுக்கு ஏறினே. 'ஹெ'ன்னார் பெர்னபே. கையில மண்ணெண்ணெய் வெச்சிருந்தே. 'ஹெ.' காட்டுக் காவக்காரர் மேல உனக்குக் கோபம். 'ஹெ.' நீதான் பத்த வெச்சே. 'ஹெ.' நானும் மூச்சு விடாம நாலு தடவை ஸ்பானிஷ்ல ஆமாம், ஆமாம்னுட்டேன். பத்தொம்பது வருஷப் பழக்கம், வாய் தானா போகுது. ஒப்புக்கிட்டார்னு எழுதிக்கிட்டு, தீர்ப்பு வெள்ளிக்கிழமைன்னுட்டாங்க.

வீட்டுக்கு வந்து சோளம் உதிர்த்துக்கிட்டிருந்தேன். அப்பா பக்கத்துல உக்காந்து எதையோ பேசினார், நானும் வேலை மும்முரத்துல ஹெ, ஹென்னுக்கிட்டிருந்தேன். மறுநாள் விடிஞ்சா பன்னியை ஓட்டிக்கிட்டுப் போக ஆள் வந்து நிக்கறான். எகிறினேன். பன்னியை வித்துடலாமான்னதுக்கு நீதானே நேத்து ஆமான்னே, இப்ப குதிக்கறியேங்கறார் உங்கப்பா. கேட்டுக்கிட்டிருக்கேன்னுதானே சொன்னேன் மனுஷான்னு கத்தினேன். கத்தின வாய் அப்படியே நின்னுபோச்சு ஒதிலியா. நம்ம பேச்சுல ஹென்னா ஆமான்னும் அர்த்தம், சொல்லு கேக்கறேன்னும் அர்த்தம். அடிப்பாவி, பெர்னபே எதைச் சொன்னார்னு நான் கேக்கவே இல்லையே. பன்னி போனா போகுதுன்னு அங்கேயே உக்காந்துட்டேன்.

என்கூட வேலை பாக்கற லுக்ரேசியாகிட்ட சொன்னேன். அக்கா, மேல்கோர்ட்டுல பாத்துக்குவாங்க, நீங்களா போய்த் தலையைக் கொடுக்காதீங்க, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துருவாங்கன்னா. புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கற பொறுப்பு அடுத்த மாசம் எனக்குத்தான்னு பேச்சு, அதுவும் போயிடும். அவ சொல்றதும் நியாயமாத்தான் படுது, அதான் கொடுமை. பயமா இருக்கு மகளே, உன்கிட்ட மறைக்கறதுக்கு என்ன. நான் போய்ச் சொல்லி, திரும்பக் கேட்டு, அந்த ஆள் நெஜமாவே ஆமான்னுட்டா? அப்புறம் என் பேரும் போச்சு, யாருக்கும் பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் நாளைக்குக் காலையில ஜட்ஜம்மாவைப் பாக்கப் போறேன். அப்பா என் நல்ல பாவாடையை எடுத்து மடிச்சு நாற்காலி மேல வெச்சார்.

வெள்ளிக்கிழமை. புதன்கிழமை இதோட நிறுத்தியிருந்தேன். நேத்து ஜட்ஜம்மா நான் சொன்னதைப் பூராவும் கேட்டுட்டு, இதை நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லணும், முடியுமான்னாங்க. இன்னிக்குச் சொன்னேன். "அந்த நாலு ஆமாமும் நான் சொன்னது. அவர் சொன்னாரான்னு எனக்குத் தெரியாது"ன்னேன். அரசு வக்கீல் எழுந்து, "பத்தொம்பது வருஷமா இப்படித்தானா?"ன்னு கேட்டார். எத்தனை கேஸ், எத்தனை முகம், எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. "அதுவும் தெரியாது"ன்னேன். ஜட்ஜம்மா என்னைப் பின்பெஞ்சுக்குப் போகச் சொல்லிட்டு, லுக்ரேசியாவை விட்டு ஒவ்வொண்ணையும் கேள்வியா கேக்க வெச்சாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டேன். காட்டுக்குப் போனேன், ஆட்டைத் தேடிக்கிட்டுன்னார். மண்ணெண்ணெயெல்லாம் கிடையாதுன்னார். காவக்காரர் மேல கோபம் உண்டுன்னார், அதை மறைக்கலை. நான் பத்த வெக்கலைன்னார். தீர்ப்பைத் தள்ளி வெச்சு, முதல்லேர்ந்து விசாரிக்கச் சொல்லிட்டாங்க. விசாரணை முடியற வரைக்கும் நான் கோர்ட்டுப் பக்கம் வரக் கூடாதாம். அவரும் இன்னும் உள்ளேதான்.

விலங்கோட அவரைக் கூட்டிக்கிட்டுப் போறப்போ நடையில நின்னு மன்னிப்புக் கேட்டேன். திட்டுவார்னு நினைச்சேன். "அந்த வக்கீல் ஐயா பேசினது எனக்கு ஒண்ணும் புரியலைம்மா. நீங்க ஒருத்தர்தான் நம்ம பேச்சுல பேசினீங்க. பெரியவங்க பேசறப்போ மரம் மாதிரி நிக்கக் கூடாதில்லையா, உங்களுக்காகத்தான் ஹெ சொன்னேன்"ன்னார்.

இனிமே என்னை மாதிரி ஆகணும்னு சொல்லாதே கண்ணு. டாக்டர் அவசரப்படுத்தினா படுத்தட்டும், உன் வேகத்துக்கு மார்க் குறைச்சா குறைக்கட்டும். ஆமாங்கறீங்களா, கேட்டுக்கிட்டிருக்கீங்களான்னு அவங்களைத் திரும்பக் கேட்டுட்டு அப்புறம் வாயைத் திற. ரொட்டியை ஈரம் படாம வை, மாத்திரையைப் பாதியில நிறுத்தாதே. கடவுளும் நம்ம மலையும் உன்னை நோகாம காப்பாத்தட்டும். அப்பாவோட ஆசீர்வாதமும் இதுல சேத்தி.

உன் அம்மா,
மிக்கேலா இஷ்கொய்