கடலுக்கு மேலே எழும்பும் இரைச்சல்

சிட்னி, ஆகஸ்ட் 1948

அன்புள்ள ரொசாலிக்கு,

மாதா புண்ணியத்தில் நான் சுகம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

கப்பல் பழுது தீரும்வரை, வயர்லெஸ் தெரிந்தவன் என்று இங்கே கடலோரப் பாறைமேட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வேலை கொடுத்திருக்கிறார்கள். தூத்துக்குடி போலவே கிழக்குக் கடல். வானத்திலிருந்து வரும் ரேடியோ இரைச்சலைப் பிடிக்கிறோம். அது நேராகவும் கடலில் பட்டுத் திரும்பியும் வருவதால், தாளில் பேனா ஏறி இறங்கிக் கோடு போடும். எது இப்படி இரைகிறது என்று துரைக்கே தெரியவில்லை. வானத்தில் அந்த இடத்தில் கண்ணுக்கு வெறும் இருட்டுத்தான்.

நேற்று அந்தியில் அது கடலுக்கு மேலே எழும்பியதும் பேனா துடித்தது. தோணிப் பாய் தெரிந்ததும் கரையில் கத்துவோமே, அதே வேகத்தில் "ஏலே, வந்துட்டுலே!" என்று கத்திவிட்டேன். துரை தேநீரைக் காற்சட்டையில் கொட்டிக்கொண்டார். இந்த மாதம் நான் வாய்விட்டுப் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

ஹெட்போன் காதை அறுக்கிறது. சுற்றிக்கொள்ள உன் பழைய சேலைத் துண்டு ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம்.

அந்த இரைச்சல் புறப்பட்டு எத்தனையோ காலம் ஆகியிருக்குமாம். இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் துரை கையை விரிக்கிறார்.

உன் கடிதம் கப்பல் மாறி மாறி இன்றுதான் வந்தது. பிள்ளை வயிற்றில் உதைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இதற்குள் பிறந்திருக்குமே, ரொசாலி.

தபால் பையைக் கட்டுகிறார்கள். ஆணா பெண்ணா, அதை மட்டுமாவது உடனே எழுது.

உன்
பெர்க்மான்ஸ்