இரண்டாம் பக்கத்துக்கான வைன்

கிளிநொச்சி,
மார்கழி 1966

என் மகனுக்கு,

நீ செலோ வாசித்த முதல் இசைத்தட்டும் இரண்டு வைன் போத்தல்களும் உடையாமல் வந்து சேர்ந்தன. முதற்பக்கத்துக்குச் சிவப்பு, இரண்டாம் பக்கத்துக்கு வெள்ளை என்று நீ எழுதியபடியே நேற்று மாலை உட்கார்ந்தேன். ஜவாஹிர் தன் கடையிலிருந்து பற்றரியில் ஓடும் பாட்டுப்பெட்டியைத் தந்தார்.

சிவப்பு புளித்திருந்தது, வெயில் பட்டிருக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சிவனேஸ்வரி ஒரு வாய் குடித்துவிட்டு, "உங்கடை மாதா கோயில் சாமியார் பூசையிலை குடிக்கிறது இதுதானோ மாமி? பாவம் அந்த மனுசன்!" என்று என் காதுக்குள் கத்தினாள்.

இப்போது எல்லோரும் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார்கள்.

வழக்கம்போல உன் பிழைகளைச் சொல்லும்படி கேட்டிருக்கிறாய். போன மாரிக்குப் பிறகு, காதுக்குள் கத்தினாலொழிய எனக்கு எதுவும் கேட்பதில்லை. இனித் திரும்பாது என்கிறார் டொக்டர். நன்றாக இருந்தது என்று எழுதிவிடலாம். உன் வாசிப்பைப் பற்றி நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

வெள்ளை வைனைப் பாட்டுப்பெட்டியின் ஓரத்தில் வைத்தேன். கிளாசுக்குள் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்தன. நீ வாசிப்பது இதுதான் என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். குடிக்க மனம் வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் வளையங்கள் அடங்கிவிட்டன. தட்டு மட்டும் சுற்றியது. நிமிர்ந்தால், சிவனேஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்தில் என்ன வாசித்தாய் என்று நீயே எழுது.

உன் அம்மா