வெள்ளையாக விட்ட இடம்

செலியமேடு,
சித்திரை, புதன் காலை.

அன்பு மகன் சிலம்பரசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் உடம்பளவில் சுகம். நீ சுகம் என்று உன் வாயால் கேட்கும்வரை அதற்கு மேல் சொல்வதற்கில்லை. பதற்றத்தில் எதையாவது விட்டுவிடுவேன் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்.

1. அம்மா
2. நீயும் உன் கூட்டாளியும் முகாமிலிருந்து அங்குள்ள ஊருக்குத் திரும்பும் வழி
3. ஒரு வேண்டுகோள்

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கடற்கரையை அளந்து முடித்தாயிற்று, பனி உருக ஆரம்பித்துவிட்டது, வெள்ளிக்கிழமை உறைந்த கடல் மேலேயே நடந்து ஊருக்குப் போய்விடுவோம் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டாளத்துக்காரன் எடத்துக்குள்ளாற ரோடு இருக்கும்போது புள்ள ஏன் கடல்ல நடக்கணும், கேட்டா வழி வுடமாட்டானா, அவனும் ஒருத்தி பெத்த புள்ளதானே, போலீஸ்காரனக் கண்டா சைக்கிள வுட்டு எறங்கற ஆளு நீங்க, உங்களப் போய்க் கேட்டேன் பாரு என்கிறாள்.

நீ அனுப்பிய வரைபடத்தை வில்லியனூரில் பெரிதாக அச்செடுத்து வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முப்பது வருடம் பூகோளம் நடத்தியும் எனக்கு என்மேல் நம்பிக்கை குறைவு, நீயும் சரிபார். உள்பக்கம் சமஉயரக் கோடுகள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன, செங்குத்துப் பாறை, ஏற முடியாது. ராணுவத் தளத்தை அளக்க அனுமதி இல்லை என்று வெள்ளையாக விட்டிருக்கிறாய். அதன் வாசல் பக்கமே போகாதே, கருவிகளோடு அந்நிய ஆளைக் கண்டால் என்ன செய்வார்களோ. கடலில் தள்ளியும் போகவேண்டாம், கரையை ஒட்டியே பனிமேல் நட. நடுவில் ஒரு ஆறு வந்து சேருகிறது, சித்திரையில் ஆற்றில் என்ன இருக்கப்போகிறது, தாண்டிவிடலாம்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு எழுத்தாவது அனுப்பு. நேற்று அனுப்பியதற்கு இன்னும் ஒரு டிக்தான் நிற்கிறது. எதிர்வீட்டு ஜெயப்பிரியா இதைப் படமெடுத்து உனக்கும் உன் ஆபீஸில் இருக்கும் அரிகரனுக்கும் அனுப்புவாள், அவன் வயர்லெஸ்ஸில் உனக்குப் படித்துக் காட்டட்டும்.

உனக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும். காதை மூடிக்கொள்ள மறக்காதே.

உன் அப்பா,
சுப்புராயன்

பி.கு.: திரும்பப் படித்தேன். கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை, ஜெயப்பிரியா பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஆறு என்றதும் நம் சோரியாங்குப்பத்து வறண்ட ஆற்று மணலை நினைத்துவிட்டேன். நீ இருக்கும் இடத்தில் இப்போதுதான் ஆற்றில் தண்ணீர் வரும், உருகுகிற பனியெல்லாம் அந்த ஆற்று முகத்துவாரத்தில்தான் வந்து விழும், கடல் பனி அடியில் அரித்து மெலிந்திருக்கும். பனிமேல் காலே வைக்காதே. ராணுவத் தளத்து வாசலுக்குப் போ. கருவிகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையும் தெரியும்படி நில், அம்மா சொன்னதுபோல் வழி கேள். நான் இரண்டாவதாக எழுதியது தப்பு.