குளியலறைத் தரையில் அன்னப்பட்சி

சிங்கப்பூர்
14.3.1998

அன்புள்ள சுபலட்சுமிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? அத்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

போன வாரம் ஒரு கூத்து. கட்டட வேலையில் ஒரு குளியலறைத் தரைக்குச் சின்னச் சின்ன டைல்ஸ் ஒட்டினேன். கட்டங்களைப் பார்த்ததும், ஆரணியில் கிராப் தாளில் புடவை டிசைன் போட்ட ஞாபகம். அரைமணி சாப்பாட்டு நேரத்தில் கறுப்பு டைல்ஸால் ஓர் அன்னப்பட்சி வைத்துவிட்டேன். வேலூர்க்கார சூப்பர்வைசர், "இன்னாய்யா, தரைக்குப் புடவை கட்டிகினு இருக்க? ஜல்தியா பேத்துடு" என்று சிரித்தார். பெயர்த்துவிட்டேன்.

இனி தினமும் அந்த அரைமணி நேரம் தாளில்தான் வரைவேன். என் டிசைன் ஒன்றாவது எனக்குப் பிறகும் தறியில் ஓட வேண்டும். கிராப் நோட்டு அனுப்பு.

நான் நெய்த உன் கல்யாணப் புடவையில் அன்னப்பட்சி நேராகப் பார்க்குமா, திரும்பிப் பார்க்குமா? மறந்துவிட்டது. பெட்டியில் வைத்தே பார்க்காதே, கட்டிக்கொண்டு பார்த்து எழுது.

வேலைக்கு அழைத்துப்போகும் லாரி வந்துவிட்டது.

உன்
கமலக்கண்ணன்