பலூன் இறங்கிய உயரம்

அன்புள்ள உங்களுக்கு,

அங்கே எல்லோரும் சுகம்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா? நம் குட்டி ஆதிரைக்கு இருமல் விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இந்த ஊர்க்காரர்களை நீங்கள் பார்க்க வேண்டும். பழைய சந்தைத் தெருவை ஒட்டி நான்கு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது, எங்கள் ஆபீஸ்தான் பிளான் வரைகிறது என்று எழுதியிருந்தேனே, கட்டுவதற்கு முன்பே அந்த உயரத்துக்கு ஒரு மஞ்சள் பலூனைப் பறக்கவிட்டார்கள். கயிறு என் கையில். ஊரே தெருத்தெருவாக நடந்து அண்ணாந்து பார்த்தது. ரொட்டிக்கடைக்கார அம்மாள் ஃப்ராவ் கெல்லர் (ஃப்ராவ் என்றால் இங்கே திருமதி) தன் வீட்டு ஜன்னலிலிருந்து கத்தினார்: "சர்ச் கடிகாரமே தெரியலை, இறக்குங்க!"

யாரும் சிரிக்கவில்லை. மேயரே மாடியேறிப் போய், அவர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு எனக்குக் கை காட்டினார். கடிகாரம் முழுசாகத் தெரியும்வரை இறக்கினேன். ஒரு மாடி போயிற்று. அந்த மாடியில் வரவேண்டிய வீடுகளை ஸ்டேஷனுக்குப் பின்னால் கட்டுவார்களாம். ஊர் வளரவும் வேண்டும், அதன் முகமும் மறையக் கூடாது என்று இப்படி மெனக்கெடுகிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

பருப்புப்பொடி அனுப்பினால் உங்கள் பழைய வேட்டித் துணியில் சுற்றி அனுப்புங்கள். ஆதிரையைக் கதவோரம் நிறுத்தி, உயரத்துக்குக் கோடு போட்டு போட்டோ எடுங்கள்.

பஸ் வந்துவிட்டது. நாம் மூவரும் இருக்க நான் பெயர் கொடுத்து வைத்திருந்த வீடு அந்த நாலாவது மாடியில்தான். ஸ்டேஷன் பக்கம் கட்ட இன்னும் நாளாகும். கயிற்றை இழுத்து பலூனை இறக்கியது நானேதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
அம்பிகா